கோச் சாரின் ஞானப்பல்

"இந்த வருஷம் கோப்பையை ஜெயிக்காம இந்த மீசையை எடுக்க மாட்டேன்!"

இப்படி ஒரு சபதத்தைக் குளியலறை வாசலில் நின்று, முகமெல்லாம் சோப்பு நுரையோடு போட்டேன். உள்ளே கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு மீசையே கிடையாதேங்க."

"இனிமே வளர்ப்பேன். வளர்த்துட்டு எடுக்க மாட்டேன்."

"அதுக்கு முன்னாடி அந்த நுரையைத் துடைங்க. ஆபீஸ் போன் அடிக்குது."

அடித்துக்கொண்டுதான் இருக்கும். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஊரில் யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் முதலில் அலறுவது என் போன்தான். நாளெல்லாம் மேலே, கீழே, மேலே, கீழே. இருபது வருஷமாக ஊரையே உயர்த்திக்கொண்டிருக்கிறேன். நான் மட்டும் அதே பதவியில் தரைத்தளத்தில் நிற்கிறேன்.

இது போதாதென்று செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் பன்னிரண்டு வயசுக்குட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் பயிற்சி கொடுக்கிறேன். ஐந்து மணிக்கு நான் அங்கே நிற்க வேண்டுமென்றால், நாலரை மணிக்கு எவரும் லிஃப்டில் மாட்டக் கூடாது. சொல்லிவைத்தாற்போல் மாட்டுவார்கள். ஒரு நாள் அவசரத்தில் கருவிப்பை என்று நினைத்து பேட்டை எடுத்துக்கொண்டு ஆறாவது மாடிக்கு ஓடிவிட்டேன். கதவு இடுக்கு வழியாக பேட்டைப் பார்த்த மனிதர், நான் திறக்கத் திறக்க உள்ளேயிருந்து இழுத்து மூடினார்.

சாஃப்ட்பாலில் சாஃப்டாக இருப்பது பெயர் மட்டும்தான். பந்து பாறாங்கல். பிட்சர் என்கிற பெண் கையைக் கீழாகச் சுழற்றி அதை எறிய வேண்டும். எதிரணிப் பெண் அடிக்க வேண்டும். மூன்று தடவை அடிக்கத் தவறினால் அவள் அவுட். பிட்சர் நாலு பந்தைத் தாறுமாறாகப் போட்டுவிட்டாலோ, அவள் அடிக்காமலே நடந்துபோய் முதல் பேஸில், அதாவது ஆடுகளத்தின் முதல் மூலையில், நின்றுகொள்ளலாம். விருந்தாளி மாதிரி.

எங்கள் பிட்சர் என் மகள். பதினோரு வயசு. எங்கள் வீட்டுப் பின்சுவரில் அவள் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். தனியாக நின்று எறிந்தால், பத்துப் பந்தில் ஒன்பது கட்டத்துக்குள் விழும். மேட்சிலோ பத்தில் ஒன்பது வெளியே போகும். ஏன் என்று யோசித்தேன். காரணம் பளிச்சென்று புரிந்தது. நான் போதுமான அளவுக்குக் கத்தவில்லை.

போன மேட்சில் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தேன். "கையை நேரா வை! தோளை இறக்கு! காலைப் பாரு! காலைப் பார்க்காதே, பந்தைப் பாரு!" என்று நான் கத்தியதில் அம்பயரே ஒரு தடவை தன் காலைப் பார்த்துக்கொண்டார். என் மகள் வரிசையாக நாலு பேரை நடக்கவிட்டாள். தோற்றோம். மற்ற பிள்ளைகள் முன்பு அடித்துச் சேர்த்த புள்ளிகள் இருந்ததால் ஃபைனலுக்கு மட்டும் தப்பித்தோம். அடுத்த பயிற்சி நாளில் அவளுக்கு வயிற்று வலி. அதற்கடுத்த பயிற்சி நாளிலும் வயிற்று வலி.

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வயிறு வலிக்கற வியாதி உலகத்துல உண்டாங்க?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"வியாழக்கிழமையும் வலிச்சுதே."

"அதைத்தான் சொல்றேன். உங்க குரலைக் கேட்டாலே குழந்தைக்குக் கை நடுங்குது."

"ஊக்கம் கொடுக்கறேன்!"

"பக்கத்துத் தெரு நாயெல்லாம் உங்க ஊக்கத்துல எழுந்து குரைக்குது. கோச்சுன்னு பேர் வெச்சுட்டாங்கங்கறதுக்காக எப்பவும் கோச்சுக்கிட்டே இருக்கணுமா?"

"ஃபைனல்ல எதிரணி கோச் யாரு தெரியுமா? அந்த மருந்துக்கடைக்காரர். போன தடவை ஜெயிச்சுட்டு எனக்குத் தொண்டை வலி மாத்திரை கொடுத்தார். இலவசமா! அந்த அவமானத்தை நான் முழுங்கணுமா?"

"மாத்திரையையாவது முழுங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

ஃபைனல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை பதினாலு மாடிக் கட்டடத்துக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். பதினோரு மணிக்கு. நீங்க ஏழு மணிக்கே போய் நாலு லிஃப்டையும் ஓட்டிப் பார்த்துடுங்க."

எனக்குத் தரையே இறங்கியது. கேபிள் அறுந்த லிஃப்ட் மாதிரி. மேட்ச் என்று சொன்னால் விடமாட்டார். யோசிக்க அவகாசமில்லை. கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"சார்... பல்லு வலி சார்... சனிக்கிழமை காலைல டாக்டர்கிட்ட..."

"சீட்டு இருக்கா?"

"நாளைக்குக் கொண்டுவர்றேன் சார்."

இந்த தைரியத்துக்குக் காரணம் உண்டு. என் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பறையில் உட்காருகிறாள். யாரை எப்போது எந்த நாற்காலியில் சாய்க்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள்தான். டாக்டரம்மாவே அவளைக் கேட்டுத்தான் டீ குடிப்பார்.

அன்று சாயங்காலம் குழைந்துகொண்டு போய் நின்றேன்.

"சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் சீட்டு வேணுமே."

"பல்லு வலியா?"

"சீட்டு வலி. மேனேஜர்கிட்ட காட்டணும்."

பெரிய போராட்டம் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்லலாமா, பிள்ளைக்கு இதுதான் பாடமா என்று அவள் கேட்கப்போகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவளோ கைப்பையைத் திறந்தாள், சீட்டை நீட்டினாள்.

"இந்தாங்க."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் புத்தியுள்ள எந்தப் புருஷனும் சந்தேகப்பட்டிருப்பான். நான் நன்றி சொன்னேன்.

வியாழக்கிழமை மேனேஜர் சீட்டைப் பார்த்துவிட்டு, லிஃப்டுகளுக்கு வேறு ஆளை அனுப்புவதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் கன்னத்தைத் தடவினார்.

"எனக்கும் ஒரு மாசமா இந்தப் பக்கம் குத்துது. டாக்டர் எப்படி?"

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் நுணலுக்குப் பாடம் எடுத்தேன்.

"கை வெச்சா வலியே தெரியாது சார்! நம்ம ஊர்ல அவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

"உங்க மேனேஜர் போன் பண்ணார். நல்ல மனுஷன். எட்டரைக்குக் கொடுத்திருக்கேன்."

"என்னிக்கு?"

"நாளைக்குத்தான். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள முடிச்சுக்கணுமாம். எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துக்கறேன், நம்ம ஆளுக்கும் துணையா இருக்கும்னார்."

பந்து ஒன்று என் கையிலிருந்து நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. சாஃப்ட்பால்!

"ஏம்மா, சாயங்காலம் கொடுக்கக் கூடாதா?"

"சாயங்காலம் முழுக்க ஆள் இருக்கு."

"அப்போ நான் நிஜமாவே அங்கே வந்து நிக்கணுமே!"

"நில்லுங்க. சும்மா வாயைக் காட்டிட்டு எட்டரைக்கெல்லாம் கிளம்பிடுங்க. எனக்குத்தான் சனிக்கிழமை லீவாச்சே, பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கறேன். நீங்க வந்து கத்திக்கலாம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு முன்பே மேனேஜர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"வலி தாங்க முடியலை போல" என்று மேனேஜர் உச்சுக்கொட்டினார்.

நாற்காலியில் சாய்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. டாக்டரம்மா விளக்கை இழுத்து வாய்க்குள் அடித்தார்.

"இந்த ஞானப்பல்லை எடுக்கச் சொல்லி ரெண்டு வருஷமா சொல்றேன். அடியில சொத்தை. ஒவ்வொரு தடவையும் தப்பிச்சு ஓடறீங்க. வலிக்குதா, இல்லையா? வலி இல்லைன்னா சுத்தம் பண்ணி அனுப்பிடறேன். வலி இருந்தா இன்னிக்கே எடுத்தாகணும்."

வலி இல்லை. துளிகூட இல்லை. ஒரே ஒரு 'இல்லை'. சொன்னால் எட்டே முக்காலுக்கு மைதானம். வாயைத் திறந்தேன். ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

வெளியேயிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? மூணு நாளா துடிக்கறார். என் கண்ணால பார்த்தேன்!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன்.

"வலிக்குது டாக்டர்" என்றேன். அந்த நிமிஷம் முதல் அது உண்மையாயிற்று.

எனக்கு மரப்பு ஊசி ஏறுகிற இடைவெளியில் மேனேஜரின் பல்லையும் பார்த்து அனுப்பிவிட்டார் டாக்டரம்மா. பத்தரை மணிக்கு நான் வெளியே வந்தேன். வாய்க்குள் பஞ்சு. பாதி முகம் என்னுடையது, பாதி யாருடையதோ. கையில் ஒரு சீட்டு: 'பஞ்சைத் துப்பக் கூடாது. இரண்டு நாளைக்குக் கத்தக் கூடாது.' மைதானத்துக்கு ஓடினேன். ஓட்டத்தின் ஒவ்வொரு அடியும் தாடையில் வந்து கதவைத் தட்டியது.

கடைசி இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது. என் தொப்பியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் அம்பயரிடம் போய், "தம்பி, இப்போ நாங்க அடிக்கணுமா, பிடிக்கணுமா?" என்று கேட்டாளாம். அவள் கொடுத்த பயிற்சியெல்லாம் ஒன்றே ஒன்று: "யாரெல்லாம் தண்ணி குடிக்கலை?"

பலகையைப் பார்த்தேன். நாங்கள் ஐந்து. அவர்கள் நாலு. கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நாங்கள்தான் ஐந்து.

ஆனால் மூன்று பேஸிலும் எதிரணிப் பெண்கள் நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும். அடிக்க வந்தவளுக்கு இரண்டு ஸ்ட்ரைக், அதாவது இரண்டு தவறல், ஆகியிருந்தது. என் மகள் மூன்று பந்தைத் தவறாகப் போட்டிருந்தாள். இன்னொன்று தப்பினால் அடிக்க நிற்பவள் நடப்பாள், எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், மூன்றாவது பேஸில் நிற்பவள் ஒரு ரன்னோடு உள்ளே வருவாள், ஐந்துக்கு ஐந்து. அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். மாத்திரையாகத்தான் இருக்கும்.

அப்போது என் மகள் என்னைப் பார்த்துவிட்டாள்.

அவளுடைய தோள் இரண்டும் மெதுவாகக் காது வரை ஏறின. இடி விழப்போகிறது என்று தெரிந்து குறுகுகிற மாதிரி. இதை நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பது? அந்த நேரத்திலெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பேன்.

பழக்கதோஷம். "தோளை இறக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ழோ..." என்று ஏதோ காற்று வந்தது. கூடவே கோணல் உதட்டு வழியாக ஒரு நூல் எச்சில் தொப்பை வரை இறங்கியது.

அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். களுக்கென்று சிரித்தாள். தோள் தானாக இறங்கியது. நான் கட்டைவிரலை மட்டும் உயர்த்தினேன்.

கை சுழன்றது. பந்து போனது. பேட் காற்றை வெட்டியது. பந்து கேட்சரின் கையுறைக்குள் டப்பென்று விழுந்தது.

அம்பயர் கத்தினார். பிள்ளைகள் கத்தினார்கள். என் மனைவி கத்தினாள். என்னைத் தவிர ஊரே கத்தியது. மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா, நீங்க கத்தவே இல்லப்பா!" என்றாள், நான் என்னவோ பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி. எச்சிலைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். பல் வலியால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஞானப்பல் இருந்தவரை வராத ஞானம், அது போன பிறகு வந்தது.

கூட்டம் கொஞ்சம் தணிந்ததும் சட்டைப்பையில் அந்த அப்பாயின்ட்மென்ட் சீட்டு உறுத்தியது. எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் நேரத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். கீழே என் மனைவியின் முத்துமுத்தான கையெழுத்து: 'ஞானப்பல் அகற்ற. இரண்டு மணி நேரம் ஒதுக்கவும்.' பதிவு செய்த தேதி, நான் சீட்டுக் கேட்பதற்குப் பத்து நாள் முன்பு. ஃபைனல் தேதி அறிவித்த மறுநாள்.

ஸ்கோர் நோட்டைப் பிடுங்கி எழுதினேன்: 'எல்லாம் உன் வேலைதானா?'

"நான் என்னங்க பண்ணேன்?" என்றாள், தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துக்கொண்டே. "உங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு பத்து நாளா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். சீட்டு வேணும்னு நீங்கதான் வந்து நின்னீங்க. மேனேஜர்கிட்ட டாக்டரைப் புகழ்ந்தது நீங்க. வலிக்குதுன்னு சொன்னதும் நீங்க."

நான் பதிலுக்கு எழுதத் தொடங்கினேன். பென்சில் முனை ஒடிந்தது.

கோப்பையைக் கையில் பிடித்தபடி எங்கள் கேட்சர் பெண் என் பக்கத்தில் வந்து நின்று, என் வீங்கிய கன்னத்தை அக்கறையாகப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, சாருக்கு இன்னும் எத்தனை பல்லு இருக்கு?"

"முப்பத்தொண்ணு."

என் மகள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ அடுத்த வருஷக் கோப்பைக்கும் போதும்!"