மாதிரி வீட்டின் வருகைப் பதிவேடு

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்த வீடு, கடைசியில் மதுரையில், வில்லாபுரம் தாண்டி ரிங் ரோட்டிலிருந்து முந்நூறு மீட்டர் உள்ளே, முதல் மாடியில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் 'பரமசௌக்கியம் ஹோம்ஸ்' நிறுவனத்தார். அதற்கு அவர்கள் 'மாதிரி வீடு' என்று பெயர் வைத்தார்கள். மற்ற நூறு வீடுகளும் இன்னும் செங்கலும் சிமெண்டுமாக நிற்க, இது ஒன்று மட்டும் திரைச்சீலை, சோபா, பால்கனி ஊஞ்சல் என்று முழுமை பெற்றிருந்தது. கீழே விற்பனை அலுவலகம், மேலே சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்தைக் கூட்டித் துடைப்பவள் கனகா. வில்லாபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு வந்து, மாலை ஆறரைக்குப் போவாள். வசதியான வீடு என்றால் என்ன என்பதை அவளைப் போல் அறிந்தவர் கம்பெனியில் வேறு யாருமில்லை. ஏனென்றால் அந்த வீட்டைத் தொட்டுப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

பெங்களூரிலிருந்து வந்த டிசைனர் அதைச் செதுக்கியிருந்தார். அறை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அறையைப் பெரிதாகக் கட்டுவது பழைய முறை. கட்டிலைச் சின்னதாகச் செய்வது நவீன முறை. ஆகவே கட்டில் ஐந்தடி. சோபாவில் இரண்டு பேர் உட்காரலாம், மூச்சு விடாமல் இருந்தால். ஃபிரிட்ஜ் வெறும் கூடு. கதவைத் திறந்தால் பின்சுவர் தெரியும். அடுப்பு உண்டு, கேஸ் இல்லை. இரண்டு பாத்ரூமிலும் இத்தாலியக் குழாய் பளபளத்தது. தண்ணீர்தான் எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை.

விற்பனை மேலாளர் அசோக்குமார் ஒரு நாள் வீட்டைச் சுற்றி வந்து, நெற்றியைத் தடவிக்கொண்டு அறிவித்தார்:

"என்னமோ குறையுது கனகாக்கா. உயிரோட்டம் இல்ல."

"தண்ணி இல்லாததச் சொல்றீங்களா சார்?"

"அதச் சொல்லல. குடும்பம் இல்ல! ஒரு குடும்பம் சந்தோசமா இருக்கிறத ஜனங்க பாக்கணும்க்கா. அப்பத்தான் கையெழுத்துப் போடுவாங்க."

உடனே ஒரு 'குடும்பம்' நியமிக்கப்பட்டது. கனகா குடும்பத்தலைவி. ஐந்தடிக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கக்கூடிய ஆண்மகன் கம்பெனியில் ஒருவர்தான் இருந்தார். அவர் வாட்ச்மேன் அருள்பாண்டி. உயரம் நாலடி பத்தங்குலம். விசிலைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரைக் குடும்பத்தலைவராக்கினார்கள். பிள்ளைக்குச் செலவு செய்யவில்லை. போட்டோ சட்டத்தோடு கடையிலிருந்தே வந்த செம்பட்டைத் தலைக் குழந்தை மேசைமேல் சிரித்தது. "யாரு இது?" என்று பார்க்க வந்தவர்கள் கேட்டால், "மகன். வெளிநாட்ல இருக்கான்" என்று அருள்பாண்டி சொல்லிவிடுவார்.

கனகாவின் நிஜப் புருசன் சிவனாண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவன். விஷயத்தைக் கேட்டு அவன் கோபப்படவில்லை.

"அந்த வீட்ல புருசனா இருக்கச் சம்பளம் தாராங்களா? அடுத்து ஆளெடுத்தா எனக்குச் சொல்லு" என்றான்.

கனகாவுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கப்பட்ட வாக்கியம் ஒன்றே ஒன்று: "புழங்க ரொம்பச் சௌகரியங்க." அதை அவள் நாளுக்குப் பத்துத் தடவை சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அடிவயிறு கனத்தது.

விஷயம் இதுதான். அந்த வளாகத்தில் நூறு வீட்டுக்கு இருநூறு பாத்ரூம் உருவாகிக்கொண்டிருந்தன. போகக்கூடியது ஒன்றுகூட இல்லை. சித்தாள் வேலைக்கு எழுமலைப் பக்கமிருந்து வேனில் வரும் பதினைந்து பெண்கள் முன்பு சீமைக்கருவேலம் புதரோரம் ஒதுங்கினார்கள். பால்கனியிலிருந்து பார்த்தால் 'இயற்கைக் காட்சி' தெரிய வேண்டும் என்று கம்பெனி இயற்கையை ஜேசிபி வைத்து வழித்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். அங்கே சாவி வைத்திருப்பவன், "பெட்ரோல் போட்டீங்களா?" என்று கேட்பான். கனகா காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு வாயைக் கட்டிவிடுவாள். ஆடி மாத வெயிலிலும் அப்படித்தான். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். "தண்ணி நெறையக் குடிங்க" என்று டாக்டரம்மா சொன்னார். அதையும் புன்னகையோடு கேட்டுக்கொண்டாள். புன்னகை அவளுக்குத் தொழிலாகிவிட்டது.

எட்டு மாதத்தில் ஏழு தடவை அசோக்குமாரிடம் கேட்டாயிற்று.

"சார், அந்த ரெண்டு பாத்ரூம்ல ஒண்ணுக்காவது தண்ணி விட்டீங்கன்னா..."

"அது டிஸ்பிளேக்கா! நகைக்கடையில கண்ணாடிக்குள்ள இருக்கிற அட்டியலை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவீங்களா?"

நியாயமான கேள்வி. கனகா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

இந்நிலையில் ஒரு வியாழக்கிழமை காஜிமார் தெருவிலிருந்து சிஹாபுதீன் தம்பதியர் காரில் வந்து இறங்கினார்கள். சிஹாபுதீன் தோல் பை விற்கும் கடைக்காரர். இரண்டு மகன்களுக்கு ஆளுக்கொரு வீடு வேண்டுமாம். அசோக்குமார் குனிந்த முதுகை நிமிர்த்தாமலே மாடிக்கு அழைத்து வந்தார். அருள்பாண்டி கட்டிலில் ஒய்யாரமாகப் படுத்துப் பேப்பர் படித்தார். கனகா கூடு ஃபிரிட்ஜின் முன்னால் நின்று, "புழங்க ரொம்பச் சௌகரியங்க" என்றாள்.

"மாஷா அல்லா, சின்னக் குடும்பம், அழகா இருக்கு" என்றார் சிஹாபுதீனின் மனைவி அமீருன்னிசா. அவருக்குச் சர்க்கரை உண்டு. பேசிக்கொண்டே பாத்ரூம் கதவைத் திறந்தார். "ஏங்க, பேசிக்கிட்டிருங்க. நான் இந்தா வந்துர்றேன்."

அசோக்குமாருக்கு முகம் வெளிறியது. "மேடம், மேடம்! அது... அது கான்செப்ட் மேடம்!"

"என்னது?"

"இப்போதைக்கு ஐடியா நிலையில இருக்கு."

"எனக்கு அவசர நிலையில இருக்குப்பா" என்று சொல்லி அமீருன்னிசா உள்ளே கால் வைத்தார்.

அப்போதுதான் கனகா, பார்க்க வந்தவர்களிடம் எட்டு மாதத்தில் முதல் முறையாக மனப்பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"யம்மா, போயிராதீங்க! அடியில பைப்பு கெடையாது. நேரா கீழ சார் மேசை மேலதான் எறங்கும்!"

எல்லோரும் ஒரு கணம் சாரைப் பார்த்தார்கள். சார் மேற்கூரையைப் பார்த்தார். கட்டிலில் குடும்பத்தலைவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்ப குடியிருக்கிறவ நீ எங்கம்மா போற?" என்றார் அமீருன்னிசா.

"நான் குடியிருக்கலம்மா. வீட்டக் கூட்டுறவ. நான் போறதில்ல."

"போறதில்லன்னா?"

"சாயங்காலம் வரைக்கும் போறதில்லம்மா."

அமீருன்னிசா கனகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார். பெட்ரோல் பங்கில் சாவிக்காரன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்க, "டேங்கை ரொப்புப்பா, முதல்ல சாவியக் குடு" என்றார் சிஹாபுதீன். திரும்பி வந்ததும் அமீருன்னிசா அசோக்குமாரிடம் சுருக்கமாகச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வாரேன். நானே உள்ள போயிப் பாப்பேன். தண்ணி வந்தா ரெண்டு வீடு. வரலைன்னா ரெண்டும் கான்செப்ட்தான்."

எட்டு மாதமாகத் தொழில்நுட்பரீதியாகச் சாத்தியமில்லாமல் இருந்த குழாய் இணைப்பு ஒன்றரை நாளில் சாத்தியமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடு விற்றது. திங்கட்கிழமை பாத்ரூம் கதவில் பித்தளைப் பலகை ஒன்று ஏறியது: 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.'

கனகா பலகையைத் துணியால் துடைத்தாள். துடைப்பது அவள் வேலை. துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"சார், வாடிக்கையாளர்னா யாரு?"

அசோக்குமாருக்குக் கொள்கை விளக்கம் தருவதென்றால் உயிர். "வருகைப் பதிவேட்டுல பேரு எழுதுற யாரா இருந்தாலும் நமக்கு வாடிக்கையாளர்தான்க்கா. சட்டையப் பாத்து ஆளை எடை போடக் கூடாதுன்னு எம்.டி. ஸ்ட்ரிக்ட்டா சொல்லியிருக்காரு."

"நல்ல மனுசன் சார்" என்று சொல்லிவிட்டுக் கனகா மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள். பெயர்: கனகா. ஊர்: வில்லாபுரம். பார்வையிட விரும்பும் பகுதி: பாத்ரூம். எழுதி முடித்து, மேலே போய்ப் பார்வையிட்டாள். வெகுநேரம் பார்வையிட்டாள். அன்று மத்தியானம் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் சித்தாள் மாயக்காள், தலையில் சும்மாட்டுத் துணியோடு, பதிவேட்டின் முன் நின்றாள்.

"எனக்கு எழுதத் தெரியாதுடி கனகா. நீ எழுது."

"யக்கா, 'வீட்டில் தங்களைக் கவர்ந்த அம்சம்'னு கேட்டிருக்கு."

"பாத்ரூமுன்னு எழுது."

"'வேறு யோசனைகள்?'"

"உள்ள ஒரு வாளி வைக்கச் சொல்லு."

"'மீண்டும் வருகை தருவீர்களா?'"

"மூணு மணிக்கு வாரேன்னு எழுது."

பதினைந்து பேரும் வந்தார்கள். நாளுக்கு இரண்டு முறை வந்தார்கள். அசோக்குமார் முதலில் வாயைத் திறந்தார். பிறகு மாதக் கடைசியில் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மாதம் நூறு பேர் வந்தாலே பெரிதாயிருந்த வீட்டுக்கு எண்ணூற்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். கே.கே. நகர் தலைமை அலுவலகத்தில் தொலைபேசி விசாரணைக்கென்றே இருந்த திவ்யா, விதிப்படி ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள்.

"வணக்கம் மேடம், எங்க வீட்ட இந்த மாசம் அம்பது தடவ பாத்திருக்கீங்க. முடிவு எடுத்துட்டீங்களா?"

நாலாவது மாடிச் சாரத்தில் செங்கல் தட்டோடு நின்ற மாயக்காள், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சொன்னாள்:

"எடுத்தாச்சு தாயி. இந்தச் சுமைய எறக்கிட்டு வந்துர்றேன்."

திவ்யா 'தீவிர ஆர்வம்' என்று குறித்துக்கொண்டாள்.

தலைமை அலுவலகத்தில் எம்.டி. அவசரக் கூட்டம் கூட்டினார். ஏசி போட்டு, முந்திரி வைத்து, பதிவேட்டைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். மூன்று மணி நேர ஆய்வுக்குப் பின் எம்.டி. எழுந்தார். முந்திரித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மக்களுக்கு என்ன தேவைன்னு இம்புட்டு நாளா நமக்குத் தெரியலையே! எண்ணூத்தி நாப்பது பேரு, ஒருத்தர்கூட ஊஞ்சலப் பத்தி எழுதல. எல்லாரும் பாத்ரூம்! அடுத்த திட்டத்துல வீட்டுக்கு ரெண்டு இல்ல... மூணு!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அசோக்குமாருக்கு 'மக்கள் நாடி அறிந்தவர்' என்ற கேடயம் கிடைத்தது. வீடுகளெல்லாம் விற்றுத் தீர்ந்தன. மாதிரி வீட்டையும் யாரோ வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். கனகா, அருள்பாண்டி, பதினைந்து சித்தாள் பெண்கள் எல்லோரும் புதுத் திட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

புது இடம் செக்கானூரணி தாண்டி, நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. புதர் பொட்டு எதுவும் இல்லாமல் முன்கூட்டியே வழித்து வைத்திருந்தார்கள். ரோட்டோரம் நாற்பதடி அகலத்தில், தரையிலிருந்தே எழும்பி நின்றது ஒரு தகர விளம்பரப் பலகை. அதில் பட்டுச்சேலை கட்டிய கனகா முழு உருவமாகச் சிரித்தாள். பக்கத்தில் ஆளுயர எழுத்து: 'எங்க வீட்ல மூணு பாத்ரூம்!'

"கம்பெனிக்கு முகமே இனி நீங்கதான்க்கா" என்றார் அசோக்குமார்.

"சரிங்க சார். இங்க நாங்க எங்க சார் போறது?"

அசோக்குமார் மெய்யாகவே வருத்தப்பட்டார். "இன்னும் ரெண்டே வருசத்துல முந்நூத்தி அறுபது பாத்ரூம் வரப்போகுது. அதுக்குள்ள அவசரப்பட்டா எப்படிக்கா?"

பதினோரு மணி வெயிலில் மாயக்காள் சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. பிறகு கனகாவைப் பார்த்துத் தலையசைத்தாள். பதினாறு பேரும் ரோட்டை நோக்கி நடந்தார்கள்.

பலகையின் முன்பக்கம் கனகா பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் கனகா தன் முறைக்காகக் காத்து நின்றாள்.