ஏரி நடுவே கருகிய பட்டை

உறைந்துகிடந்த கோர்ப்பி ஏரியின் நடுவே வந்தபோது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் அடித்தது. பின்னால் கட்டியிழுத்த இழுபலகையில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஏதோ மட்டமான சுருட்டைப் பற்றவைத்திருக்கிறார் என்று தாயிஸ்தோ நினைத்தான். பனிவண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். அவர் சுருட்டு பிடிக்கவில்லை. மூக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ கருகுற மாதிரி இருக்கே, ஐயா?" என்றார் அவர், ரொம்பப் பணிவாக.

"புது கிரீஸ் போட்டிருக்கேன். அதான்."

"ஓ! புது கிரீஸா?" என்று அவர் தலையை ஆட்டினார்.

கிரீஸ் என்று எதையும் அந்த வண்டி பார்த்து வருஷமாகிவிட்டது. கருகியது எது என்று தாயிஸ்தோவுக்கு நன்றாகத் தெரியும். பனிவண்டியின் வயிற்றுக்குக் கீழே இரண்டு சறுக்குத் தண்டுகள் நீளவாக்கில் கிடக்கும். அவற்றின் அடியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பட்டை. வண்டியை நகர்த்துகிற ரப்பர் பெல்ட்டின் இரும்புக் கொக்கிகள் அந்தப் பட்டையை உரசிக்கொண்டுதான் நாள் முழுக்க ஓடும். பனிதான் பட்டைக்கு எண்ணெய், பனிதான் அதற்குத் தண்ணீர். பனியில்லாத வெறும் ஐஸில் ஓட்டினால் மை போடாத மாட்டுவண்டி அச்சின் கதைதான். அச்சாவது ஊருக்கே கேட்கிற மாதிரி அலறும். பட்டை சத்தம் போடாமல் உருகும்.

ஏப்ரல் கடைசி. காற்று ஏரியைத் துடைத்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தது.

"பட்டையை மாத்துங்க, மாத்துங்கன்னு குளிர்காலம் பூரா கத்துறேன். காதுலயும் பனி அடைச்சுக்கிச்சா?" என்று காலையில்கூட மனைவி ஐலா கேட்டாள்.

"இன்னும் ஒரு சவாரி தாங்கும்டி."

"அந்த ஒரு சவாரி இன்னைக்குத்தான் முடியப்போகுது, பாருங்க."

இன்றைக்குத்தான் அது முடியக்கூடாது. தாயிஸ்தோ பதினாறு வயதிலிருந்து காட்டில் மரம் அறுத்தவன். போன இலையுதிர் காலத்தில் ஓர் எந்திரம் வந்து இறங்கியது. அதற்குள் ஒரு பையன் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு கூட்டத்தின் வேலையைச் செய்தான். கூட்டம் வீட்டுக்குப் போனது. வீட்டில் சும்மா இருக்கிற ஆண்பிள்ளை எதையாவது பழுதுபார்க்கத் தொடங்குவான். தாயிஸ்தோவின் கை படாமல் உயிர் தப்பியது சலவை எந்திரம் ஒன்றுதான். இப்போது கலைமான் வளர்ப்போர் சங்கத்தில் பனிவண்டி ஓட்ட ஆள் கேட்கிறார்கள். மான்களை அடைக்கிற வேலிக்கு வைக்கோல் இழுக்க, குட்டிபோடும் மான்களைப் பார்த்துவர, வருஷம் முழுக்க இருக்கிற வேலை. ஐலா ரொட்டியைச் சுற்றிக் கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னாள்: "கிடைக்கலேன்னா பரவாயில்ல, வீட்டுக்கு வந்துடுங்க. ஆனா சலவை எந்திரத்துப் பக்கம் போகாதீங்க."

சங்கத்தின் தலைவன் ஆர்மஸ், சொல்லுக்கு ஒரு மான் குறைந்துவிடும் என்பதுபோல் பேசுகிறவன். முந்தின நாள் தொலைபேசியில் மொத்தமாக அவன் சொன்னது இவ்வளவுதான்: "ஏரியைத் தாண்டி வேலிக்கு வா. கடை வாசல்ல ஒரு ஆள் நிப்பான். ஏத்திட்டு வா. மத்ததை நீ வர்ற லட்சணத்துல பாத்துக்குவோம்."

அந்த ஆள் யார், எதற்கு வருகிறான் என்று தாயிஸ்தோ கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் கேட்கமாட்டார்கள். உனக்கு எத்தனை கலைமான் என்று கேட்பதும், நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்பதும் ஒன்றுதான். அடுத்தவன் பானைக்குள் கையை விடுகிற காரியம். சொல்ல வேண்டியதாக இருந்தால் அவனே சொல்வான். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

கடை வாசலில் நின்றவர் அழுக்கே படாத ஆரஞ்சுக் கோட்டு போட்டிருந்தார். "வணக்கம், ஐயா" என்றார். ஏறி உட்காரவில்லை. குனிந்து வண்டியின் அடிவயிற்றை நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து "ம்" என்றார். அந்த 'ம்'மைக் கேட்டதும் தாயிஸ்தோவுக்குப் புரிந்துவிட்டது. மேலிடத்து ஆள்! ஆர்மஸ் நம்மைச் சோதிக்கத்தான் இவரை அனுப்பியிருக்கிறான். 'நீ வர்ற லட்சணம்' என்றால் இதுதான்.

ஆகவே இப்போது ஏரி நடுவில், கருகும் பட்டையோடு, தாயிஸ்தோ ஒரு முடிவுக்கு வந்தான். சீக்கிரம் போனால் சீக்கிரம் கரை வரும். விசையை அழுத்தினான். எரிகிற வீட்டைவிட்டு ஓடுகிறவன் செய்கிற நியாயமான காரியம்தான். ஆனால் இவன் வீட்டைக் காலில் கட்டிக்கொண்டல்லவா ஓடினான். நாற்றம் புகையாயிற்று.

வழியில் ஐஸ் பிளந்து ஒரு வெடிப்பு. எவ்வளவு அகலம் என்று பார்க்க வண்டியை நிறுத்தினான். தாண்டலாம் என்று தெரிந்து மறுபடி கிளப்பினால் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. உருகின பட்டை கொக்கிகளோடு ஒட்டி இறுகிப்போயிருந்தது.

"ஒட்டிக்கிச்சா, ஐயா?"

"கொஞ்சம் ஓய்வு எடுக்குது."

ஆரஞ்சுக் கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருடைய முகம் ரொம்பக் கவனமாக இருந்தது. பெரிய மனிதர்களிடம் யோசனை கேட்டால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தாயிஸ்தோவுக்குத் தோன்றியது.

"இந்த மாதிரி நேரத்துல நீங்கன்னா என்ன செய்வீங்க, ஐயா?"

அவர் சட்டென்று நிமிர்ந்து நின்றார். "பின்பக்கத்தைத் தூக்கி ஒரு போடு போடுவேன். ஒட்டினது விட்டுரும்" என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

தூக்கினார்கள். போட்டார்கள். தாயிஸ்தோவின் கால்மேல் விழுந்தது. ஒட்டினது விடவில்லை.

"ரொம்ப நல்லா விழுந்துச்சு" என்றான் தாயிஸ்தோ, கண்ணில் நீரோடு.

அடுத்து அவன் தன் காப்பிக் குடுவையை எடுத்துச் சூடான காப்பியை ஒட்டின இடத்தில் ஊற்றினான். போதவில்லை. ஆரஞ்சுக் கோட்டுக்காரர் தம் பையைத் திறந்தார். தம் குடுவையை ஒருமுறை பார்த்தார். பிறகு நீட்டினார். வடக்கில் ஒருவன் சிறுநீரகத்தைக்கூடக் கொடுத்துவிடுவான். காப்பியைக் கொடுப்பது நடக்காத காரியம். இவ்வளவு பெரிய மனசா அதிகாரிக்கு என்று தாயிஸ்தோ நெகிழ்ந்துபோனான்.

பெல்ட் விட்டது. ஆனால் வழிந்த காப்பி தண்டுகளுக்கு நடுவிலிருந்த சின்னச் சக்கரங்களில் புகுந்து உறைந்தது. அதுவரை வண்டியின் பாரத்தில் பாதியை அந்தச் சக்கரங்கள்தான் தாங்கின. இப்போது அவை சுற்றவில்லை. பாரம் முழுவதும் பட்டையின் தலையில்.

சிறிது தூரத்தில் மறுபடி நாற்றம். இந்தத் தடவை காப்பி வாசனையும் சேர்ந்து.

"ஐயா, சுரண்டிக் கம்பி ரெண்டும் மேலேயே மாட்டியிருக்கே," என்றார் ஆரஞ்சுக் கோட்டுக்காரர் தயங்கித் தயங்கி. "வேணும்னுதானே?"

தண்டுகளின் பக்கத்தில் வில்போல் வளைந்த இரண்டு கம்பிகள் உண்டு. இறக்கிவிட்டால் ஐஸைச் சுரண்டிச் சுரண்டித் தூளைப் பட்டையின்மேல் அடிக்கும். பட்டை குளிரும். வெறும் ஐஸில் இறங்கும் எவனும் முதலில் செய்கிற வேலை அது. தாயிஸ்தோ மறந்தே போயிருந்தான்.

"வேணும்னுதான்" என்றான்.

"நினைச்சேன்" என்று அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவர் சொல்லிச் செய்ததாகத் தெரியக்கூடாது என்பதற்காகக் கொஞ்ச தூரம் கருகவிட்டுப் பிறகு இறங்கி, தானே கண்டுபிடித்ததுபோல் கம்பிகளை இறக்கினான். அற்புதமாக வேலை செய்தது. நாற்றம் நின்றது. தாயிஸ்தோ சீட்டியடிக்கத் தொடங்கினான். இந்த வேலை நமக்குத்தான் என்று நெஞ்சு சொல்லியது. பெருமையோடு பின்னால் திரும்பிப் பார்த்தான்.

இழுபலகையில் ஒரு பனிப் பொம்மை உட்கார்ந்திருந்தது. வண்டியின் பின்பக்கத்து மறைப்புத் தட்டி தைமாதமே கழன்று விழுந்துவிட்டது. பெல்ட் வீசின ஐஸ்தூள் முழுவதும் நேராக அதிகாரியின் முகத்தில். பொம்மை கையை உயர்த்தி, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதுபோல் அசைத்தது.

தாயிஸ்தோ பதறினான். பதறினவன் பின்பக்கமாக வண்டியை எடுத்தான், அவரிடம் சீக்கிரம் போக, பலகை வண்டியோடு கட்டியிருப்பதையும் மறந்து. 'டங்' என்றது. மறுபடி 'டங்'. சுரண்டிகள் முன்னால் ஓடத்தான் வளைந்தவை. பின்னால் தள்ளினால் ஐஸில் குத்தி முறியும். இரண்டும் முறிந்தன.

ஆரஞ்சுக் கோட்டுக்காரர் புருவத்து ஐஸைத் தட்டிக்கொண்டே வந்தார். "பின்னால எடுக்கிறதுக்கு முன்ன கம்பியை மேல மாட்டியிருக்கணும்..." என்று தொடங்கி, சட்டென்று, "...னு நான் நினைக்கிறேன். தப்பா இருந்தா சொல்லுங்க, ஐயா" என்று முடித்தார்.

தாயிஸ்தோவின் காது சுட்டது. காட்டில் மேஸ்திரி திட்டினால் அப்பன் பாட்டன் எல்லாம் வரிசையாக வருவார்கள். அது சுகம். இந்த மாதிரித் தேன் தடவித் திட்டுவது படித்த பெரிய மனிதர்களுக்குத்தான் கைவரும்.

"சரிதான், ஐயா. ரொம்பச் சரி" என்றான்.

"நன்றி, ஐயா!" என்றார் அவர். முகம் மலர்ந்திருந்தது.

இனி ஒரே வழி. கரையோரம் போனால் நாணல் பக்கத்தில் பனி தேங்கிக் கிடக்கும். வண்டியைத் திருப்பினான். பனி கிடந்தது உண்மை. பனிக்கு அடியில், ஐஸுக்கு மேலே, ஊறின தண்ணீரும் கிடந்தது. வண்டி இடுப்புவரை கூழில் இறங்கியது. தாயிஸ்தோ வாயைத் திறப்பதற்குள் ஆரஞ்சுக் கோட்டுக்காரர் முழங்கால் நீரில் குதித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க போய்! வேண்டாம், ஐயா!"

"இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான், ஐயா! நீங்க உக்காருங்க!"

"நான் இறங்குறேன், நீங்க உக்காருங்க!"

இருவரும் இறங்கினார்கள். வண்டியில் யாரும் இல்லாததால் அதைக் கிளப்ப ஆளில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் உட்காரச் சொல்லிக்கொண்டே கூழில் நின்றார்கள். கடைசியில் தாயிஸ்தோ ஏறி விசையை அழுத்த, அவர் தள்ள, வண்டி ஒரு எருமை எழுந்திருப்பதுபோல் எழுந்து வந்தது. அழுக்கே படாத ஆரஞ்சுக் கோட்டு இப்போது என்ன நிறம் என்று சொல்வது கஷ்டம்.

அக்கரை கண்ணுக்குத் தெரிந்தது. வேலியும், சமையல் கூடாரத்துப் புகையும் தெரிந்தன. நடுவில் இன்னும் ஒரு துண்டு வெறும் ஐஸ். வண்டியில் கிடந்த மண்வாரியால் இழுபலகை நிறையக் கரைப் பனியை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வண்டியை நடைவேகத்தில் ஓட்ட, ஒருவர் கூடவே நடந்து மண்வாரியால் பெல்ட்டுக்கு அடியில் பனி போடுவது என்று ஏற்பாடு. மண்வாரியை இருவரும் ஒரே சமயத்தில் பிடித்தார்கள்.

"விடுங்க, ஐயா. இது என் வேலை."

"இல்ல ஐயா, நான் போடுறேன்."

"நீங்க போட்டா எனக்குத்தான் கெட்ட பேரு!"

"எனக்கு மட்டும் நல்ல பேரா வரும்?"

இழுத்தார்கள். தாயிஸ்தோ மரம் தூக்கின கையால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தான். மண்வாரி அவன் கையில் வந்தது. ஆரஞ்சுக் கோட்டுக்காரர் வெறுங்கையோடு நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப... நான் ஓட்டிக் காட்டட்டுமா?"

தாயிஸ்தோவுக்குள் ஏதோ அணைந்தது. முடிந்தது. உன்னை நம்பி இனி வண்டியைக் கொடுக்க முடியாது என்கிறார். அவன் இருக்கையைக் கைகாட்டினான்.

அவர் ஓட்டினார். அடடா, என்ன ஓட்டு! பனித்துணுக்கு கிடந்த இடமாகப் பார்த்துப் பார்த்து வளைத்தார். காற்றடிக்கிற இடத்தில் நிறுத்தி ஆறவிட்டார், ஒட்டுமுன் எடுத்தார். ஒரு பொட்டு நாற்றம் இல்லை. அடிக்கடி பக்கவாட்டில் தாயிஸ்தோவைப் பார்த்தார். 'பார், இப்படித்தான் ஓட்டணும்' என்று காட்டுகிறார், வேறென்ன. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பன்னீர் தெளிக்கிறவனைப்போல் தாயிஸ்தோ கூடவே நடந்து பனியைத் தெளித்தான். ஐலாவிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. இவன் முகத்தைப் பார்த்ததும் அவள் போய்ச் சலவை எந்திரத்துக்கு முன்னால் நின்றுகொள்வாள்.

வேலி வந்தது. அவர் எஞ்சினை அணைத்தார். இருவரிடமிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"பட்டையை மாத்தியிருக்கணும், ஐயா. என் தப்புதான்" என்றான் தாயிஸ்தோ. மனசு விட்டுப்போனவனுக்கு உண்மை சொல்வது சுலபம்.

"சேச்சே! எனக்குப் புரியுது, ஐயா" என்றார் அவர், கையைக் குலுக்கி. "ஒவ்வொண்ணையும் எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க! அந்தக் கம்பி முறிஞ்ச இடத்துல நானே திணறிட்டேன்."

தாயிஸ்தோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. சமையல் கூடாரத்து வாசலுக்கு வந்து தோல்திரையைத் தூக்கிப் பிடித்தான்.

"நீங்க முதல்ல போங்க, ஐயா."

"ஐயையோ, நீங்க முன்ன போங்க, ஐயா."

உள்ளே இறைச்சிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரி ஹில்யா, கரண்டியும் கையுமாகத் திரும்பி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு வேலிப்பக்கம் பார்த்துக் கத்தினாள்:

"ஆர்மஸ், சீக்கிரம் வந்து பாரு! ஒரு டிரைவர் வேலைக்கு நீ கூப்பிட்ட ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து நிக்கிறானுங்க, ஒருத்தனுக்கொருத்தன் 'ஐயா, ஐயா'ன்னு கும்பிட்டுக்கிட்டு!"