பிரேசிலுக்குக் கொடுத்த வீடு

எனக்கு நன்றாக எழுத வரும் என்று நான் உறுதியாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையால் என் கலியாணமே கவிழப் பார்த்தது.

எங்கள் கடற்கரை ஊரான பாலமுனையில் விளையாட்டுக் கழகத்துக்கு நான்தான் செயலாளர். (வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.) ஒருநாள் பகிடியாக, உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை எங்கள் ஊரில் நடத்தத் தயார் என்று ஒரு விண்ணப்பம் எழுதி பேஸ்புக்கில் போட்டேன். மைதானத்தின் ஒரு பக்கத்தைக் கடல் அரித்துவிட்டதால் பந்து பொறுக்க ஆள் தேவையில்லை, அலையே கொண்டுவந்து தரும் என்றேன். அறுவடைக் காலத்தில் நெல் காயப்போட்ட பக்கம் பந்தை அடிக்கக் கூடாது என்று நிபந்தனையும் விதித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'தங்குமிடம்' என்று தலைப்புப் போட்டதும் கை நிற்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண் வீட்டார் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியேறுவார். எனக்கு நிச்சயித்திருந்த றினோஸாவுக்கும் அவளுடைய வாப்பா, அதாவது என் வருங்கால மாமா, வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரை போட்டாயிற்று, பூச்சு வேலைதான் பாக்கி. 'பிரேசில் அணி என் மாமாவின் புது வீட்டில் தங்கலாம்' என்று எழுதி, வீட்டின் படத்தையும் போட்டேன். (நான் சின்ன வயதிலிருந்தே பிரேசில் கட்சி.)

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமாவும் மாமியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கரைப்பற்றிலிருந்து யாரோ மாமாவுக்குப் போன் எடுத்து, வெளிநாட்டுக்காரருக்குச் சமைக்கிற ஓடர் தனக்கே வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உம்மா வைத்த தேத்தண்ணியை இருவரும் தொடவில்லை.

"என்ட மகள் குடி போகாத ஊட்டுல பதினொரு ஆம்புளயளாம், மெய்யா?" என்றார் மாமி.

"பதினொண்டில்ல மாமி, இருபத்தாறு. மேலதிக ஆக்களும் வருவாங்க," என்றேன். தகவல் பிழையாகப் போய்விடக் கூடாதல்லவா!

உம்மா தலையில் கைவைத்தார். இந்தச் சம்பந்தம் இத்தோடு சரி என்று நினைத்தேன். றினோஸாவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உண்மையாகவே அழுகை வந்தது.

மாமா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். படகையும் வலையையும் தவிர வேறெதையும் அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

"தம்பி, பகிடி எண்டு விளங்குது," என்றார் மெதுவாக. "ஒண்டு கேக்கிறன். எல்லாரையும் உட்டுட்டு ஏன் பிரேசிலுக்குக் குடுத்த நீங்க? ஆர்ஜன்டினாக்காரனுக்கு என்ன குறை?"

மாமி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

"இப்பவே மாத்துறன் மாமா."

"ஓம், மாத்துங்க. நான் பாத்துட்டுத்தான் போவன்."

அவர் முன்னாலேயே போனை எடுத்து, பிரேசிலை அழித்து ஆர்ஜன்டினா என்று போட்டுக் கட்சி மாறினேன். மாமா தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

குறித்தபடி கலியாணம் நடந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் பொறுப்பை மாமா யாரிடமும் விடவில்லை. வெளிச்சுவர் முழுக்க, ஆர்ஜன்டினாக்காரரின் சட்டை போல, இளநீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருக்கும். அதற்குள்தான் என் பிரேசில் மஞ்சள் சட்டையோடு குடித்தனம் நடத்துகிறேன். பெருநாளைக்கு அவளுடைய அண்ணன்மார் வந்து நிறையும்போது, படுக்க இடமில்லை என்று நான் மூச்சுவிட்டால் போதும், குசினியிலிருந்து றினோஸாவின் குரல் வரும்:

"இருபத்தாறு பேருக்கு இடம் குடுத்த மனிசன், என்ட காக்காமார் நாலு பேருக்கு இல்லெண்டா?"