சண்டையை நிறுத்துகிற இங்கிலீஷ்

இனி இந்த வீட்டில் சண்டை கிடையாது என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் ஜெபக்குமார். வழிமொழிந்தவரும் ஜெபக்குமார். அவர் மனைவி ஜெயபாய் அப்போது ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரியைக் கீழே வைக்காமலே சரி என்றாள்.

தீர்மானம் பிறந்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். சபையில் தம்பதிகளுக்கென்று அங்கே ஒருநாள் முகாம் நடத்தினார்கள். இவர்கள் சபைப் போதகர்தான் பேசினார். நல்ல மனுஷன், நல்ல யோசனையும் சொன்னார். புருஷன் பெஞ்சாதிக்குள் பேச்சு தடிக்கும்போது யாராவது ஒருவர் நிறுத்தச் சொல்ல வேண்டும். மற்றவர் அந்த நிமிஷமே வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் தமிழில் சொல்லக் கூடாது. "நிறுத்துட்டி" என்றால், நீங்க யாரு என்னைய நிறுத்தச் சொல்ல என்று அங்கேயே இரண்டாவது சண்டை முளைத்துவிடும். இங்கிலீஷில் சொன்னால் யாருக்கும் உறைக்காது, ஏனென்றால் நம்மை யாரும் சின்ன வயசில் இங்கிலீஷில் திட்டி வளர்க்கவில்லை. கோபம் ஆறின பிறகு, நிறுத்தினவரே போய்ப் பேச்சைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அதுவரை மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். எல்லோரும் ஜோடி ஜோடியாக எழுந்து நின்று, ஆண்டவர் சந்நிதியில் அப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்தார்கள்.

இதில் முதல் பாதி ஜெபக்குமார் மனசில் நன்றாகப் பதிந்தது. திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்ற பாதியைச் சொல்லும்போது பிரியாணி வாசம் வந்துவிட்டது. அது பதியவில்லை.

ஊருக்கு வந்ததும் போனில் தேட ஆரம்பித்தார். பேச்சை நிறுத்த இங்கிலீஷில் இம்புட்டு வழி இருக்கிறதா என்று மலைத்துப்போனார். செத்த மூச்சு வாங்கிக்கொள்வோம் என்பதற்கு 'டேக் எ பிரீதர்'. இன்றைக்கு இது போதும், கடையைக் கட்டுவோம் என்பதற்கு 'கால் இட் எ டே'. அதையே தொணதொணக்காதே என்பதற்கு 'கிவ் இட் எ ரெஸ்ட்'. இதை வைத்துத்தான் வெள்ளைக்காரன் நம்ம ஆளுகளை அம்புட்டுக் காலம் வாயடைத்து வைத்திருந்தான் போல என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, சிலிண்டருக்குச் சொல்லச் சொல்லி எம்புட்டு நாளாச்சு?"

"டேக் எ பிரீதர்."

ஜெயபாய் வாயை மூடிக்கொண்டாள். இங்கிலீஷுக்குப் பயந்து இல்லை. சந்நிதியில் கொடுத்த வாக்கு அவளுக்கு வாக்கு. சிலிண்டர் பேச்சை அவர் திரும்ப ஆரம்பிப்பார் என்று காத்திருந்தாள். அவர் ஆரம்பிக்கவில்லை. கடைசியில் அவளே போன் பண்ணினாள்.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் ஒன்று இருந்தது, அதற்காகத்தான் ஜெபக்குமார் இங்கிலீஷையே வளர்த்தார். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்று காது பாதி போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் முன் ஹாலில் தையல் மிஷின்கள். ஜெயபாய் தையல் கிளாஸ் நடத்துகிறாள். பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்து கடகடவென்று ஓட்டுவார்கள். மனுஷன் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகிறார். பாவம், அதற்குப் பிறகாவது காதுக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதைத் தப்பென்று சொல்ல முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய அண்ணன் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. முட்டுச் சந்து, ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே போய்விடுவது, மிஷின்களை வந்த விலைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"அப்ப என் கிளாஸு?"

"கிவ் இட் எ ரெஸ்ட்," என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மில் மூடிக்கிடந்த காலத்தில் அந்த மிஷின்கள்தான் சோறு போட்டன. அவளிடம் பழகிய பெண்கள் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார்கள், எதிரே பார்த்தால் டீச்சரம்மா என்று நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். இதையெல்லாம் சொல்லத்தான் ஜெயபாய் வாயெடுத்தாள். எடுத்தபோதெல்லாம் ஒரு இங்கிலீஷ் வந்து விழுந்தது.

போதாக்குறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குமார் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். ஆண்டவர் கிருபையால் எங்கள் வீட்டில் இப்போது சண்டையே இல்லை, நான் நிறுத்தினால் அவள் நிறுத்துகிறாள், அவள் நிறுத்தினால் நான் நிறுத்துவேன் என்றார். சபை அல்லேலூயா சொன்னது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெயபாய், சண்டை தீரவில்லை, தன் பங்கு மட்டும் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் ஜெபக்குமார் விஷயத்தைப் போட்டு உடைத்தார். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வருகிறார். சௌந்தரபாண்டியன் என்று பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பேங்க் வேலை. அங்கே தோதாக வீடு கிடைக்காமல் இங்கேயிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்று இருக்கிறார்.

"நான் சொல்றதைச் செத்த நேரம் கேளுங்க."

"புட் இட் ஆன் ஹோல்ட்."

இது புதுசு. ஜெயபாய் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ஜெபக்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு காரியத்தை அப்படியே அந்தரத்தில் நிறுத்தி வைப்பதற்கு இதைச் சொல்வார்கள், முன்னால் ஒரு லெட்ஸ் போட்டால் இன்னும் மரியாதை என்று விளக்கம் கொடுத்தார். அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் ஷிப்ட்டுக்குக் கிளம்பியதும் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்தார். சௌந்தரபாண்டியனும் அவர் மனைவியும் வந்தார்கள். மிஷின்களுக்கு லீவு என்பதால் வீடு அமைதியாக இருந்தது. ஜெயபாய் காபி கொண்டுவந்தாள். ஜெபக்குமார் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிருவோம். இந்த மிஷினு எல்லாத்தையும்..."

"லெட்ஸ் புட் இட் ஆன் ஹோல்ட்," என்றாள் ஜெயபாய். குரல் உயரவில்லை, தட்டில் காபி அசையவில்லை.

ஜெபக்குமாருக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. போதகருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. நான் சொன்னேனே, அந்தத் தம்பதி இவங்கதான் என்று சௌந்தரபாண்டியன் பக்கம் திரும்பிச் சொன்னார். இதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் போன வாரம் சபை நடுவே சொன்னது பொய்ச்சாட்சி ஆகிவிடும். ஜெபக்குமார் வாயை மூடிக்கொண்டார்.

நிறுத்தச் சொன்னவர் விருந்தாளிகளோடு பேசக் கூடாது என்று முகாமில் யாரும் சொல்லவில்லை. ஜெயபாய் நாற்காலியை இழுத்துப் போட்டுப் போதகருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, இந்த வீடு காலியாகல. இங்க கிளாஸு நடக்குது, நாங்களும் இங்கனதான் இருக்கப் போறோம். தம்பிக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூர்லதான? அங்க இவிய அண்ணன் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. நேத்தே அந்த வீட்டு அக்காகிட்டப் பேசிட்டேன். நாங்க வரலன்னதும், நல்ல ஆளா இருந்தா இன்னைக்கே சாவி தாரேன்னுட்டாக."

சௌந்தரபாண்டியன் காபியைக்கூட மறந்துவிட்டார். பேங்குக்கு நடந்தே போய்விடலாமே என்றார். ஜெபக்குமார் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். போதகர் அதை ஸ்தோத்திரம் என்று எண்ணித் தானும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். ஜெபக்குமார் மனைவியைப் பார்த்தார். முகாமில் பதியாமல் போன பாதி இப்போதுதான் நினைவுக்கு வந்தது; பேச்சைத் திரும்ப ஆரம்பி என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஜெயபாய் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வாசல் வரை போன சௌந்தரபாண்டியன் மனைவி ஏதோ நினைப்பு வந்து திரும்பினாள். நேரே ஜெபக்குமாரிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, எனக்குச் சத்தம்னாலே ஆகாது. அந்த மாடி அமைதியா இருக்கும்லா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வாயைத் திறக்க வழியில்லாத ஜெபக்குமார், இருக்கும் என்று தலையை ஆட்டினார்.