எந்தப் பக்கத்துச் சித்தப்பா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இருபத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி முடியாது.

(மேலே 'அன்புள்ள சித்தப்பா' என்று எழுதி அடித்திருப்பது தெரியும். தெரியட்டும் என்றுதான் புதுத் தாள் எடுக்கவில்லை.) நான் சுகம். தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அதைக் கேட்கும் உரிமை எனக்குக் கிடையாது என்பது போன மாதம்தான் தெரிந்தது.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருவன்தான். நூலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் தூக்கி எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. சும்மா உட்கார்ந்தால் யார் யார் என்னை எப்படிக் கவிழ்த்தார்கள் என்ற யோசனைதான் ஓடுகிறது. சரி, வம்சாவளியாவது எழுதலாம் என்று தொடங்கினேன். இருபத்தாறு வருடம் புத்தகங்களுக்கு அட்டை எழுதிய கை ஆயிற்றே, ஆளுக்கு ஓர் அட்டை போட்டேன். பிறந்தது, மணந்தது, மறைந்தது, யார் பிள்ளை, யாருக்குப் பெற்றோர் என்று முன்னூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். கூடத்துத் தரையில் பரப்பியதும் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக் கோர்ட்டுப் படி தேய நடந்தவர்கள்கூடப் பக்கத்துப் பக்கத்தில் சமர்த்தாகப் படுத்திருந்தார்கள். ஓர் அட்டை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையிலேயே நின்றுவிட்டது. தங்களுடையது.

அத்தையிடம் போய்க் கேட்டேன். "உங்க அம்மா பக்கத்து ஆளுதானேடா அவரு, யாரோ சித்தி முறைக்காரியோட வீட்டுக்காரரு? கல்யாணம் முடிஞ்ச மறுநாள்கூட ஓடியாடி எல்லாத்தையும் எடுத்து வச்சாரு, பொண்ணு வீட்டு ஆளுக்கு எவ்வளவு பொறுப்புன்னு நானே சொன்னேன். எங்க அண்ணன் தங்கம். பொண்டாட்டி வீட்டு மனுஷனை இருபத்திரண்டு வருஷம் மாடியில வச்சிருந்தாரு, ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை" என்றாள். அங்கிருந்து நேரே மாமா வீடு. மாமா சிரித்தார். "எங்க பக்கமா? நல்லாயிருக்கே கதை. அவன் உங்கப்பனுக்குப் பங்காளி. புருஷன் வீட்டு ஆளாச்சேன்னு எங்க அக்கா ஒரு வார்த்தை பேசலை பாரு, அதுதான்டா வளர்ப்பு." உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கெல்லாம் வருடக்கணக்காகச் சண்டை போட்ட என் பெற்றோர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாதென்று கடைசிவரை வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

குழப்பத்தோடு வீடு திரும்பி, மாடியிலிருந்த இரும்பு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் பிறந்ததிலிருந்து வீட்டில் கிடக்கும் மூன்றில் ஒன்று. வழக்கம்போல் விரலைக் கடித்தது. ஆத்திரத்தில் தூக்கிக் கவிழ்த்தேன். அடியில், துருவுக்கு நடுவே, வெள்ளைப் பெயிண்டில் ஒரு கடையின் பெயர். அதன் கீழே 'வாடகைக்கு மட்டும்', எண் 143. எனக்கு என்ன தோன்றியதோ, அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் தாங்கள் மட்டும் நாற்காலிகளைப் பார்க்கிறீர்கள்.

மறுநாள் அந்தக் கடையைத் தேடிப் போனேன். பழைய முதலாளியின் மகன் இருந்தார். "அவரா சார்? எங்கப்பா காலத்துல உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இருநூறு நாற்காலியோட அனுப்பின ஆளு. வண்டி வந்துச்சு, நாற்காலி வந்துச்சு, ஆளு வரலை. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் பையோட வந்து நின்னு, மூணு நாற்காலி மட்டும் அங்கேயே இருக்கு முதலாளி, பத்திரமா இருக்குன்னாராம். அப்பா என்ன செய்வாரு, உள்ள போய் வேலையைப் பாருன்னுட்டாரு." பின்னால் கிடங்கில்தான் இருக்கிறீர்கள், கூப்பிடட்டுமா என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பொய் சொன்னேன். கிடங்குக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். அந்த இருமலை எனக்குத் தெரியும்.

ஆகவே கேட்கிறேன், ஐயா. எந்த உரிமையில் என் மதிப்பெண் அட்டைகளில் ஏழு வருடம் கையெழுத்துப் போட்டீர்கள்? எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டேன். 'பாதுகாவலர்' என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் தங்கள் கையெழுத்து; பக்கத்தில் 'உறவுமுறை' என்ற இடம் ஏழு வருடமும் காலி. எந்த உரிமையில் கணக்கில் முப்பத்திரண்டு வாங்கியதற்கு என் காதைத் திருகினீர்கள்? டைபாய்டில் நான் கிடந்தபோது பதினோரு நாள் அந்தக் கடிக்கிற நாற்காலியில் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்குப் பெயர் ஆள்மாறாட்டம் இல்லையா? என் சொந்தப் பெரியப்பாமார் இரண்டு பேர் அடுத்த தெருவில் இருந்துகொண்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அட்டை இருக்கிறது, கோடு இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது.

அந்த நாளுக்கு வருகிறேன். நேர்காணலுக்குப் போகாமல் சினிமா பார்த்துவிட்டு வந்தேன். தாங்கள் வாசலில் குந்தி என் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். "என்னைக் கேக்க நீங்க யாரு?" என்றேன். மீசை முளைத்த எந்தப் பிள்ளை இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறான்? அது ஒரு கேள்வியா? பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தாங்களோ மசிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "என்னிக்காவது யாராவது கேப்பீங்கன்னு தெரியும்" என்றீர்கள். சாயங்காலம் மாடி அறையில் பை இல்லை.

ஒரு சொல் பொறுக்காத ரோஷக்காரர் என்று இத்தனை வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். அந்தச் செயினை நான் மாட்டவே இல்லை. மாட்டினால் நான் தோற்றது மாதிரி. சைக்கிள் துருப்பிடித்து அப்படியே நிற்கிறது. இப்போதுதான் விளங்குகிறது. தாங்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை, பிடிபட்டுவிட்டதாக நினைத்துப் போயிருக்கிறீர்கள். எங்கள் யாருக்கும் எதுவுமே தெரியாது. நான் சும்மா கத்தினேன்.

அப்புறம் ஏன் யாரும் தேடி வரவில்லை என்று தாங்கள் நினைத்திருக்கலாம். அம்மா தன் ஆட்களிடம் விசாரிப்பாள் என்று அப்பா காத்திருந்தார். அப்பா தன் ஆட்களிடம் கேட்பார் என்று அம்மா காத்திருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொள்வாள். "உங்கப்பாவுக்குத் தன் மனுஷங்க மேலேயே பாசம் இல்லைடா" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏன் தேடவில்லை என்று கேட்காதீர்கள். எனக்கு வைராக்கியம். அதைத் தவிர இந்த வயதில் என்னிடம் வேறொன்றும் மிஞ்சவில்லை.

முடிவாகத் தெரிவிப்பது என்னவென்றால், வம்சாவளியில் தங்கள் அட்டை இடம்பெறாது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு இரு பக்கத்து உறவினர் எண்பது பேர் இந்த வீட்டில் கூடுகிறார்கள். எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கப் போகிறேன். தாங்கள் தப்பித் தவறியும் அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். மூன்று நாற்காலிகளும் கடைக்குத் திருப்பி அனுப்பப்படும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இருமலை நல்ல டாக்டரிடம் காட்டவும். பெரியவர்கள் ஆசீர்வாதம் யாருக்கு இருக்கிறதோ இல்லையோ, தங்களுக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: 'இப்படிக்கு' என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். சித்தப்பா, மேலே எழுதியதையெல்லாம் விடுங்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. நாற்காலிக்கு அடியில் இருந்த பெயரை மூன்றிலும் சுரண்டியாயிற்று. உங்கள் அட்டையை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கோடு இழுத்திருக்கிறேன். அத்தை கேட்டால் அம்மா பக்கம் என்போம், மாமா கேட்டால் அப்பா பக்கம் என்போம். இருபத்திரண்டு வருடம் ஓடிய வண்டிதானே, இன்னும் கொஞ்ச நாள் ஓடாதா? எண்பது பேருக்கு வீட்டில் நாற்காலி ஏது? உங்கள் கடையில்தான் சொல்லியிருக்கிறேன். எண்ணி இறக்க ஒரு பொறுப்பான ஆளும் கூட வர வேண்டும் என்றேன். வண்டி திரும்பிவிடும், நாற்காலி திரும்பிவிடும், ஆளை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம் என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். செயின் வேலையும் பாக்கி இருக்கிறது.

முதல் வரியில் அடித்ததை அடிக்காததாகப் படிக்கவும். ஏழு வருடம் நீங்கள் உறவுமுறையை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். நான் உறவுமுறையை எழுதிவிட்டேன். கையெழுத்தில்லாமல் அப்படியே தபாலில் போடுகிறேன்.