ஐஸ் பெட்டியில் கை வைத்த ஈ சார்

குளிரே இல்லாத ஊரில் இருந்துகொண்டு குளிருக்குப் பயிற்சி எடுத்த மனிதர் உலகத்திலேயே எங்கள் ஈ சார் ஒருவர்தான். கோழி இறகைத் தூண்டில் முள்ளில் கட்டிப் பொய் ஈ செய்து, நீலகிரி ஓடையில் டிரவுட் மீன் பிடிப்பது அவருடைய பைத்தியம். எங்கள் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

அவருக்கு லீவு கிடைப்பதோ ஜனவரியில். அந்தக் குளிரில் டிரவுட் மேலே வந்து ஈயைக் கவ்வாது. ஆழத்தில் அசையாமல் கிடக்கும். எங்கள் கடலோரச் சதுரங்கப்பட்டினத்து வலைக்காரர்களிடம் ஈயத்துண்டு வாங்கி நறுக்கிக் கட்டி, ஈயை மூழ்க வைத்தார். விரல் மரத்துப்போனால்? ஞாயிறுதோறும் காசியம்மாவின் மீன் கடை ஐஸ் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் பத்து நிமிடம் புதைத்துவிட்டு, நூலில் முடிச்சுப் போட்டுப் பழகினார். மீன் வாங்க வந்தவர்கள் பயந்து பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

ஆறு குளிர்காலங்கள், ஒரு மீன்கூட இல்லை. ஏழாவது முறை கிளம்பும்போது காசியம்மா சொல்லிவிட்டாள்: "தோ பாரு சார், இந்தவாட்டி மீனு இல்லன்னா பொட்டிய தொடாத. யாவாரம் பேஜாராவுது."

மீன் இல்லையென்றால் தூண்டில் கோலை அவள் காயவைக்கும் கருவாட்டுக்குக் காக்கா விரட்டக் கொடுத்துவிடுவதாக சாரும் வாக்குக் கொடுத்தார். வீறாப்பாகத்தான் சொன்னார். குரல்தான் இறங்கிப்போயிருந்தது.

சாட்சிக்கு நாட்குறிப்போடு நானும் நீலகிரிக்குப் போனேன். தை இரண்டாம் ஞாயிறு. விடியலில் கோலின் வளையங்களில் பனி உறைந்து நூல் நகரவில்லை. வெயில் ஏறும்வரை சார் கல்லாக உட்கார்ந்திருந்தார். மணி 12.40. நீரோடு போய்க்கொண்டிருந்த நூல் சட்டென்று நின்றது. பாறையா, மீனா? சார் மெல்லக் கோலைத் தூக்கினார். அது வளைந்து துடித்தது. நூல் ஒரு பாறையைச் சுற்றிக்கொள்ள, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். அறுந்தால் ஏழு வருடமும் போச்சு. நீலம் பாரித்த விரல்களால் நூலை விடுவித்து, மீனைப் பிடித்தேவிட்டார். ஒரு சாண் இருக்கும்.

"வெளிய எடுக்க மாட்டேன். இந்தக் குளிர்ல அதுக்கு அரை உசுருதான்" என்று தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினார். என் விரல்கள் ஐஸ் பெட்டியில் பயின்றவை அல்ல. கைப்பேசியை எடுப்பதற்குள் மீன் போய்விட்டது.

அப்புறம்தான் காசியம்மா நினைவு வந்தது. சார் வலது கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, சதுரங்கப்பட்டினம் வரும்வரை கழுவவில்லை. வழியெல்லாம் இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டார்.

காசியம்மாவிடம் நான் நாட்குறிப்பை நீட்டினேன். "எழுத்த எவன் வோணா எழுதலாம்" என்று தள்ளிவிட்டுப் பையை அவிழ்த்து, அந்தக் கையை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது நம்ம கடலு மீனு இல்ல. கவுச்சி வேற மாரி கீது" என்றவள், பெட்டியின் மூடியைத் திறந்தாள். "கைய கழுவிக்கினு வா சார். அடுத்த வருசத்துக்கு இப்பவே ஆரம்பி."

சார் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் காசியம்மா இன்னமும் மீன் அடுக்குவதில்லை. மீன் வாங்க வேண்டியிராத ஞாயிறுகளிலும் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.