கடின உழைப்பாளியின் இரண்டாவது முட்டை

இரண்டாவது முட்டையை மீட்காமல் ஓய்வதில்லை என்று முடிவு கட்டினேன்.

கல்யாணமான நாளிலிருந்து காலையில் எனக்கு இரண்டு முட்டை. என் பெல்ட்டில் நானே ஆணியால் புது ஓட்டை போட்டதை என் மனைவி பார்த்த நாளிலிருந்து ஒன்று. கெஞ்சிப் பார்த்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அலுத்துப் போன நேரத்தில்தான் மருந்துக் கடையில் அந்த அட்டை கிடைத்தது. யார் யாருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சத்து வேண்டும் என்று வயசுக்கும் வேலைக்கும் தகுந்தாற்போல் பிரித்து அச்சடித்திருந்தார்கள். கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

"படி," என்றேன்.

"கண்ணாடி உங்க மூக்குலதானே இருக்கு. நீங்களே படிங்க."

"வளர்ற பொண்ணுக்கு இரும்புச்சத்து கூடுதலா வேணும். வயசானவங்க சாப்பாட்டைக் குறைச்சாலும் புரதத்தைக் குறைக்கக் கூடாது. ஆம்பளைங்களுக்கு..."

"எந்த ஆம்பளைக்கு? உட்கார்ந்து வேலை பாக்கிறவங்க, நடுத்தர உழைப்பு, கடின உழைப்புன்னு பிரிச்சிருக்கே. இதுல நீங்க யாரு?"

"கடின உழைப்பு."

என் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "மெத்தைக் கடையிலயாப்பா?"

"மெத்தைய யாரு தூக்குறதாம்? ரெட்டைக் கட்டில் மெத்தையப் புரட்டிப் பாரு, தெரியும். முதுகு கழண்டு போகுது."

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இறங்கும்போது வயிற்றில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "சரிங்க," என்றாள்.

அவள் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் தட்டில் வந்த இரண்டு முட்டை கண்ணை மறைத்தது. அந்தப் பூரிப்பில் மதியச் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

மெத்தையில் படுத்துக் காட்டுவதும் என் வேலைதான். மதியத்தில் யாரும் வருவதில்லை. வந்தால் காட்டத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அப்படித் தயாராக இருந்தவன் கண் விழித்தபோது, தலைமாட்டில் டப்பாவுடன் என் மனைவி. பக்கத்தில் முதலாளி.

"எழுப்பாதீங்கம்மா," என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இவரு குறட்டையைக் கேட்டே பாதி மெத்தை வித்துடுது."

"மெத்தைய யாருங்க தூக்குறது?"

"அதுக்குத் தனியா ஆள் இருக்காங்களே."

டப்பாவை என் வயிற்றின் மேல் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அடுத்த நாள் காலை மகளுக்குக் கீரையும் முட்டையும். மனைவி தட்டில் இரண்டு முட்டை. எனக்கு முன்னால் ஒரு டம்ளர் பால்.

"என் முட்டை எங்க?"

"அட்டையில கடின உழைப்புங்கிற வரி காலியாக் கிடந்துச்சு. விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து நிக்கிறவ, நான் ஏறிக்கிட்டேன்."

களைத்துப் போய் ஒரு படி இறங்கினேன். "சரி, உட்கார்ந்து வேலை பாக்கிறவங்களுக்கு ஒரு முட்டையாவது உண்டுல்ல?"

"நீங்க எங்க உட்கார்றீங்க?" அட்டையின் கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனாள். "நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறவங்க இதுல ஒருத்தர்தான். ஆறு மாசம் நிறையாத குழந்தை. பால் மட்டும். சர்க்கரை கூடாது."

குடித்து முடித்ததும் என் மகள் எழுந்து வந்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஏப்பம் வர வேண்டுமாம்.